ராக்ட்ரிகோ கொன்சாலெஸ்: இரும்பு நகரத்தின் பாடகர்



அயல்நாட்டு இசைக்கலைஞர் ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டீர்கள். அரங்குகளை நிரப்பியவர்கள், கோடிக்கணக்கில் இசைத்தட்டு விற்றவர்கள் மெக்சிகோவில் ஏராளம். அவர்களை விட்டுவிட்டு, வாழ்ந்த காலத்தில் ஒரே ஒரு கேசட் மட்டும் வெளியிட்ட ஒருவரை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கேசட்டையும் எந்த நிறுவனமும் வெளியிடவில்லை. அவரே பதிவு செய்தார், அவரே கையில் எடுத்துக்கொண்டு போய் விற்றார். அவர் பெயர் ரோட்ரிகோ கொன்சாலெஸ் குஸ்மான். ராக் இசையையும் தன் பெயரையும் ஒட்டவைத்து 'ராக்ட்ரிகோ' என்று சூட்டிக்கொண்டார். மெக்சிகோ நகரத்தில் இன்று அந்தப் பெயரைச் சொன்னால் போதும்.

அவரைப் பற்றி இரண்டு கதைகள் வழக்கமாகச் சொல்லப்படுகின்றன. ஒன்று, 1985ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் இறந்துபோன இளம் பாடகர் என்பது. மற்றது, மெக்சிகோவின் பாப் டிலன் என்பது. இரண்டிலும் உண்மை கொஞ்சம் இருக்கிறது. ஆனால் முதல் கதை அவருடைய சாவைப் பேசுகிறது, இரண்டாவது இன்னொருவரின் புகழைப் பேசுகிறது. அவர் உட்கார்ந்து எழுதிய பாடல்களை இரண்டுமே பேசுவதில்லை. அந்தப் பாடல்களின் வேலைப்பாட்டைப் பேசத்தான் இன்றைய நேரத்தைப் பயன்படுத்தப்போகிறேன். புகழுக்கு உரியதை அவர் உயிரோடு இருக்கும்போதே செய்து முடித்துவிட்டார் என்பது என் உறுதியான எண்ணம்.

1950 டிசம்பர் 25 அன்று தாம்பிக்கோவில் பிறந்தார். மெக்சிகோ வளைகுடாவின் கரையில், தமாவுலீபாஸ் மாநிலத்தின் தென்கோடியில் இருக்கும் துறைமுக நகரம் அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எண்ணெய் வணிகத்தால் செழித்த ஊர். அவருடைய இசைக்கு அதைவிட முக்கியமான ஒன்று, வாஸ்தேக்கா என்ற நிலப்பகுதியின் வாசலில் அந்த ஊர் இருக்கிறது என்பது. வாஸ்தேக்காவின் இசைக்கு ஹுவாபாங்கோ என்று பெயர். ஒரு வயலின், ஹரானா என்ற சிறிய கிட்டார், ஹுவாபாங்குவேரா என்ற பருத்த உடல் கொண்ட கிட்டார் என்று மூன்று கருவிகள். பலகை மேடையில் ஆடுபவர்களின் காலடிதான் தாளம். பாடுபவர் திடீரென்று குரலை உடைத்துப் பொய்க்குரலுக்குத் தாவுவார். கைதேர்ந்த பாடகர் எதிரே இருப்பவரைப் பார்த்து அந்த இடத்திலேயே அடி கட்டுவார். கூட்டத்தில் இருப்பவரின் பெயர், தொப்பி, குடித்துவிட்டுத் தள்ளாடும் நடை எல்லாம் பாட்டுக்குள் வந்துவிடும்.

இதை விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கிட்டாரும் ஹார்மோனிக்காவும் ஏந்தி ஒருவர் தனியாகப் பாடினால் உடனே டிலன் நினைவுக்கு வருகிறார். ராக்ட்ரிகோ டிலனைக் கேட்டு வளர்ந்தவர் என்பதில் ஐயம் இல்லை. ஆனால் கண்முன்னே நடப்பதை அப்போதே பாட்டில் ஏற்றும் துணிச்சலும், ஆறு அசைவுகளை ஒருமுறை மூன்றிரண்டாகவும் மறுமுறை இரண்டுமூன்றாகவும் பிரித்து மீட்டும் வலக்கைப் பழக்கமும் ஹுவாபாங்கோ புழங்கும் மண்ணுக்கே உரியவை. அவருடைய மூக்கால் வரும் கீச்சுக்குரலை வாஸ்தேக்காக் காதோடு கேட்டுப் பாருங்கள், பாதி விளங்கிவிடும்.

ஹலாப்பாவில் உள்ள வேராக்ரூஸ் பல்கலைக்கழகத்தில் சிறிது காலம் உளவியல் படித்தார். 1970களின் நடுவில் தலைநகருக்கு வந்து சேர்ந்தார். எப்படிப்பட்ட நேரத்தில் வந்தார் என்று தெரிந்தால்தான் அவர் எதை எதிர்த்து நின்றார் என்பது புரியும். அதனால் சற்றுப் பின்னால் போக வேண்டும்.

1968 அக்டோபர் 2 அன்று திலாத்தெலோல்கோ சதுக்கத்தில் மாணவர் கூட்டத்தின் மீது அரசுப் படைகள் சுட்டன. 1971 ஜூன் 10 அன்று மறுபடியும் மாணவர் ஊர்வலம் தாக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில், தலைநகருக்கு மேற்கே வாய்யே தே பிராவோ ஏரிக்கு அருகில் ஆவாந்தரோ என்ற இடத்தில் ராக் இசைவிழா நடந்தது. எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு இளைஞர்கள் திரண்டார்கள். லட்சத்துக்கும் மேல் என்பதில் ஐயமில்லை, இரண்டரை லட்சம் என்பவர்களும் உண்டு. மழை, சேறு, ஆட்டம், கஞ்சா எல்லாம் இருந்தன. வானொலியின் நேரலை நடுவிலேயே நிறுத்தப்பட்டது. மறுநாளிலிருந்து நாளிதழ்கள் அதை ஒழுக்கக்கேட்டின் திருவிழாவாகவே எழுதின. இளைஞர்கள் இத்தனை பேர் ஓரிடத்தில் கூடினால் என்ன ஆகும் என்று ஏற்கெனவே அஞ்சிக்கொண்டிருந்த அரசுக்கு அது போதுமானதாக இருந்தது. வானொலி ராக்கைக் கைவிட்டது. இசை நிறுவனங்கள் ஒதுங்கின. பெரிய அரங்குகளின் கதவுகள் சாத்தப்பட்டன.

ராக் சாகவில்லை. நகரத்தின் ஏழைப் புறநகர்களுக்குப் போய்விட்டது. பழைய கிடங்கு, கூரை இல்லாத முற்றம், பாதி கட்டிய கொட்டகை என்று கிடைத்த இடத்தில் ஒலிபெருக்கியை வைத்துப் பாடினார்கள். அந்த இடங்களை 'ஃபங்கிப் பொந்துகள்' என்றார்கள். போலீஸ் சோதனை அங்கே வாடிக்கை. பணம் கிடையாது, ஒலிக்கருவி ஒழுங்காக வேலை செய்யாது. ஆனால் கேட்பவர்கள் இருந்தார்கள்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அதை இசை வரலாறுகள் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் குறை. ஆவாந்தரோ காலத்து மெக்சிகோ ராக் குழுக்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் பாடின. ராக்கின் அடிகளுக்கு ஸ்பானிய மொழி பொருந்தாது என்ற நம்பிக்கை இசைக்கலைஞர்களிடையே வேரூன்றியிருந்தது. ஆங்கில ப்ளூஸ் ஓரசைச் சொற்களால் ஓடுகிறது. ஸ்பானியச் சொற்கள் நீளமானவை, பெரும்பாலும் கடைசிக்கு முந்திய அசையில் அழுத்தம் விழும், முடிவில் உயிரெழுத்து இழுக்கும். ஆங்கில மெட்டில் அப்படியே அந்தச் சொற்களைப் போட்டால் நொண்டும். 1960களில் ஆங்கிலப் பாடல்களை ஸ்பானியத்தில் பெயர்த்துப் பாடிய பல குழுக்கள் இந்த நொண்டலைச் சர்க்கரை தடவி மறைத்தன. பின்னால் வந்தவர்கள் வெட்கப்பட்டு ஆங்கிலத்துக்கே போனார்கள். நாட்டின் மொழியைப் பேசும் இளைஞர்களுக்கு, தங்கள் மொழியில் தங்கள் இசை இல்லாமல் போயிற்று. 'த்ரீ சோல்ஸ் இன் மை மைண்ட்' குழுவின் அலெக்ஸ் லோரா 1970களில் ஸ்பானியத்துக்கு மாறியது பெரிய திருப்பம். அந்தக் குழுதான் பிறகு 'எல் த்ரி' ஆயிற்று. லோரா தெருப்பேச்சை முழக்கமாக்கினார். ராக்ட்ரிகோ அதே தெருப்பேச்சைக் கதையாக்கினார்.

அவர் வந்து சேர்ந்த தலைநகரம் பிதுங்கிக்கொண்டிருந்தது. 1950இல் ஏறத்தாழ 30 லட்சம் மக்கள் இருந்த பெருநகரப் பகுதியில் 1980இல் 1.3 கோடிக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் அவரைப் போலவே மாகாணங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள். தெஸ்கோக்கோ ஏரி வற்றிய உப்புத்தரையில் நெசாவல்கோயோத்ல் என்ற ஒரு முழு நகரமே முளைத்திருந்தது. நச்சுப்புகை, நெரிசல், புறவழிச்சாலையில் மணிக்கணக்கான காத்திருப்பு. 1982 ஆகஸ்டில் அயல்நாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது. பேசோவின் மதிப்பு சரிந்தது. அந்த ஆண்டு விலைவாசி ஏறத்தாழ இரு மடங்கானது. எண்ணெயால் நாடே பணக்கார நாடாகப்போகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஓராண்டில் ரொட்டிக்கும் பாலுக்கும் கணக்குப் பார்க்க வேண்டியதாயிற்று.

இந்த நகரத்தில் ராக்ட்ரிகோ தெருவில் பாடினார், பேருந்தில் பாடினார், காப்பிக்கடைகளில் பாடினார், சிறு மதுக்கூடங்களில் பாடினார். மின்கருவி வாங்க வசதி இல்லை, இருந்தாலும் அதை வைத்துப் பாட இடம் இல்லை. மரக்கிட்டார் ஒன்று, கழுத்தில் கம்பியில் மாட்டிய ஹார்மோனிக்கா ஒன்று. 1984இல் வெளிவந்த 'ஊர்பானிஸ்தோரியாஸ்' கேசட்டில் இந்த ஏழ்மை முழுதாகக் கேட்கும். நகரக் கதைகள் என்று தலைப்புக்குப் பொருள். அறையின் ஒலி கேட்கிறது, விரல் நரம்பில் உரசுவது கேட்கிறது. வசதியான கூடத்தில் பதிவு செய்திருந்தால் பாடல்கள் இன்னும் சிறந்திருக்கும் என்று சிலர் எழுதுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் தன் நாள் எப்படிப் போயிற்று என்று சொல்லும் தொனியில் கட்டப்பட்ட பாடல்கள் அவை. பின்னணியில் வயலின் வரிசை சேர்த்தால் அந்த அருகாமை போய்விடும்.

கேசட்டைப் பற்றி ஒரு சொல். அரசும் நிறுவனங்களும் கதவை அடைத்த காலத்தில் கேசட்தான் சன்னலாக இருந்தது. வாங்கிய ஒருவர் வெற்று நாடாவில் பதிந்து நான்கு பேருக்குக் கொடுப்பார். 1980 அக்டோபரில் சோப்போ பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இசைத்தட்டுப் பரிமாற்றச் சந்தை ஒன்று தொடங்கியது. சாந்தா மரியா லா ரிபேரா பகுதியில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியிலிருந்து துண்டு துண்டாகக் கொண்டுவந்து பூட்டிய இரும்பும் கண்ணாடியுமான கட்டடம் அது. வாரத்தில் ஒருநாள் இளைஞர்கள் தட்டுகளோடும் நாடாக்களோடும் வந்து மாற்றிக்கொண்டார்கள். சந்தை பிறகு அங்கிருந்து வெளியேறி இடம் மாறி மாறிப் போயிற்று, இன்றும் சனிக்கிழமைகளில் புவெனாவிஸ்தா அருகே கூடுகிறது. வானொலியும் கடைகளும் செய்ய மறுத்த வேலையைச் செய்தது அந்தச் சந்தைதான்.

அதே அருங்காட்சியகத்தில் 1983, 1984 ஆண்டுகளில் 'ருபெஸ்த்ரே' பாடகர்களின் விழாக்கள் நடந்தன. குகைச்சுவரில் கீறிய ஓவியங்களைக் குறிக்கும் சொல் அது. மின்கருவிகளும் பளபளப்பும் இல்லாமல், கையில் அகப்பட்ட கரித்துண்டால் சுவரில் வரைபவர்கள் நாங்கள் என்று அந்தப் பெயரைப் பெருமையோடு சூட்டிக்கொண்டார்கள். ரஃபாயேல் கத்தானா, ரோபெர்த்தோ கொன்சாலெஸ், ஹாய்மே லோபெஸ், ஃபௌஸ்தோ ஆரெயீன், ரோபெர்த்தோ போன்ஸே, நீனா கலிந்தோ என்று பலர் அந்த வட்டத்தில் இருந்தார்கள். அவர்களுடைய அறிக்கையை எழுதியவர் ராக்ட்ரிகோ. ஓர் இயக்கத்தின் அறிக்கை இவ்வளவு அடக்கமாக இருந்து நான் கண்டதில்லை. நாங்கள் அழகர்கள் அல்ல, மாபெரும் குரல்கள் எங்களிடம் இல்லை, கருவிகள் எளியவை, சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது என்ற அளவில் அது பேசுகிறது. ஆனால் அந்த அடக்கத்துக்குள் பெரிய உரிமைக்கோரிக்கை இருந்தது. அனுமதி தருவதற்கு யாரும் இல்லாத இடத்தில் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டாம் என்றது அது.

இனி அவருடைய மிகப் புகழ்பெற்ற பாடலுக்கு வருகிறேன். 'பால்தேராஸ் மெட்ரோ நிலையம்'. மெக்சிகோ நகர மெட்ரோவின் முதல் பாதை 1969 செப்டம்பர் 4 அன்று திறக்கப்பட்டது. எழுத்தறியாதவர்களும் இறங்குமிடத்தை அறிய வேண்டும் என்று ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு சின்னம் வரைந்தார்கள். லான்ஸ் வைமன் என்ற வடிவமைப்பாளரின் வேலை அது. பால்தேராஸுக்கு ஒரு பீரங்கி. அருகில் இருக்கும் சியுதாதேலா என்ற பழைய படைக்கலக் கொட்டடி 1913இல் அதிபர் மதேரோவைக் கவிழ்த்த பத்து நாள் கலகத்தின் மையமாக இருந்தது, அதனால் அந்தச் சின்னம். நிலையம் இருக்கும் தெரு, 1847இல் அமெரிக்கப் படையோடு பொருதி மோலினோ தெல் ரேய் போரில் இறந்த லூக்காஸ் பால்தேராஸின் பெயரைத் தாங்கியது. பாடலில் இந்த வரலாறு எதுவும் இல்லை. நாள்தோறும் அங்கே பாதை மாறுபவர்களுக்கும் அந்த வரலாறு தேவைப்படவில்லை. அவர்களுக்கு அது தள்ளுமுள்ளு நடக்கும் இடம்.

பாடலின் கதை மிக எளியது. ஒருவன் சில ஆண்டுகளுக்கு முன் பால்தேராஸ் நிலையக் கூட்டத்தில் தன் காதலியைத் தொலைத்துவிட்டான். சண்டை இல்லை, துரோகம் இல்லை, பெற்றோர் எதிர்ப்பு இல்லை. கூட்டம் அவளை இழுத்துக்கொண்டு போயிற்று, அவ்வளவுதான். நடைமேடைகளில் தேடிச் சலித்தவன் இப்போது ஓட்டுநரிடம் மன்றாடுகிறான். எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோங்கள், அந்த நிலையத்துக்கு மட்டும் வேண்டாம்.

முதல் முறை கேட்பவர் சிரிப்பார். மெக்சிகோவின் காதல் தோல்விப் பாடலுக்கு என்று ஓர் இடம் உண்டு. ராஞ்சேரா என்றால் மதுக்கடை, தெகீலா, மரியாச்சிகளின் எக்காளம். பொலேரோ என்றால் நிலவு, சன்னல், பாதி இருட்டு. காதலி போவதற்குக் காரணமாக விதியோ மற்றொருவனோ இருக்க வேண்டும். ராக்ட்ரிகோ விதியின் இடத்தில் நெரிசல் நேரத்தை வைக்கிறார். அந்த நகரத்தில் இருந்தவர்களுக்கு அது உடனே விளங்கியது, ஏனென்றால் மனிதரை மனிதரிடமிருந்து பிரிக்கும் சக்தி அங்கே நிஜமாகவே அதுதான். வேலைக்குப் போக இரண்டு மணி நேரம், திரும்ப இரண்டு மணி நேரம் என்று வாழ்ந்தவர்களின் காதல்கள் அப்படித்தான் தொலைந்தன. இரண்டாம் முறை கேட்கும்போது சிரிப்பு வருவதில்லை. குரல் உடைந்து மேலேறும் இடத்தில், ஹுவாபாங்கோப் பாடகனின் அந்தப் பொய்க்குரல் தாவலின் நிழல் தெரிகிறது. அப்போதுதான் அவன் வேடிக்கைக்காகப் பாடவில்லை என்பது உறைக்கிறது.

இந்தப் பாடலை எல் த்ரி குழு மின்கிட்டார்களோடு பதிவு செய்தது. நாடெங்கும் பலர் முதலில் கேட்டது அந்த வடிவத்தைத்தான். எழுதியவர் பெயர் தெரியாமலே பாடினார்கள். லோராவின் வடிவம் ஆரவாரமானது, ஆயிரம் பேர் சேர்ந்து கத்த ஏற்றது. எனக்கு மரக்கிட்டார் வடிவம்தான் பிடிக்கும். தனியாக இருப்பவனின் பாட்டைக் கூட்டமாகச் சேர்ந்து பாடும்போது அவன் தொலைத்தது என்ன என்பது மறைந்துவிடுகிறது.

ஸ்பானியச் சொற்களின் நீளம் என்ற சிக்கலை அவர் எப்படிக் கையாண்டார் என்பதைச் சொல்ல வேண்டும். நீளத்தை ஒளிக்கவில்லை, அதையே தாளமாக்கினார். அடியில் அடங்காத அளவுக்குச் சொற்களைத் திணித்தார், மூச்சு முட்ட ஓடினார், சில இடங்களில் பாட்டை விட்டுப் பேச்சுக்கு இறங்கினார். 'கலப்பினக் காலம்' என்ற பாடலில் இதன் உச்சத்தைக் காணலாம். ஸ்பானியத்தில் கடைசியிலிருந்து மூன்றாவது அசையில் அழுத்தம் விழும் சொற்கள் ஒரு வகை. பெரும்பாலும் அறிவியலும் அலுவலகமும் தந்த சொற்கள் அவை. அவற்றை அடி முடிவுகளில் வரிசையாக அடுக்கினால் குதிரைக் குளம்படி போலத் துள்ளும். மெக்சிகோவின் பண்ணை வாழ்வுக்கு அடையாளமான கள்ளிச்செடி, குதிரைக்காரன், வண்ணப் போர்வை எல்லாம் கணினி யுகத்து எந்திரங்களாகிவிட்ட ஓர் உலகத்தை அந்தத் துள்ளலில் கட்டுகிறார். பாட்டாளிகள் பாட்டும் விஞ்ஞானக் கதையும் ஓரிடத்தில் சந்திக்கும் விந்தை அது. நவீனமாகிவிட்டோம் என்று முழங்கிக்கொண்டே பழைய குடிசையில் இருக்கும் நாட்டை இதைவிடச் சுருக்கமாக யாரும் வரைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில் சாவா ஃப்ளோரெஸை நினைக்காமல் இருக்க முடியாது. 1920இல் தலைநகரில் பிறந்து 1987இல் மறைந்த பாடலாசிரியர். ஒண்டுக்குடித்தனத்து ஞானஸ்நான விருந்து, சனிக்கிழமை மாலைத் தெரு என்று நகரத்தின் எளிய வாழ்வை நகைச்சுவையாகப் பாடியவர். மெட்ரோவைப் பற்றியும் பாட்டு எழுதினார். டிலனோடு ஒப்பிடுபவர்கள் முதலில் சாவா ஃப்ளோரெஸோடு ஒப்பிட்டிருக்க வேண்டும். ராக்ட்ரிகோ எந்த வீட்டுப் பிள்ளை என்பது அப்போது தெரிந்திருக்கும். வேறுபாடும் தெரிந்திருக்கும். ஃப்ளோரெஸின் நகரத்தில் அண்டை வீட்டார் இருக்கிறார்கள், விருந்துக்கு வருகிறார்கள், சண்டை போட்டுச் சமாதானம் ஆகிறார்கள். ராக்ட்ரிகோவின் நகரத்தில் மனிதர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டே தனியாக இருக்கிறார்கள். ஒரே தலைமுறை இடைவெளியில் அந்த ஊர் எப்படி மாறிப்போயிற்று என்பதற்கு இந்த இருவரின் பாடல்களே சான்று.

'என் வாழ்க்கையை மாற்ற எனக்கு நேரமில்லை' என்ற பாடலில் எந்திரமாகிவிட்ட அன்றாடத்தில் தன் உருவமே மங்கிக்கொண்டு போவதை ஒருவன் காண்கிறான். புரட்சிப் பாடல்கள் மலிந்த லத்தீன் அமெரிக்காவில், மாறவே நேரமில்லை என்று பாடுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். அந்நாளைய இடதுசாரிப் பாடகர்களின் மேடைகளில் அது சிலருக்கு உறுத்தியிருக்கும் என்றே நினைக்கிறேன். அங்கே மக்கள் எப்போதும் எழுச்சி கொண்டிருந்தார்கள். ராக்ட்ரிகோவின் மக்கள் களைத்திருந்தார்கள். களைப்பும் அரசியல்தான் என்பதை அவர் முழக்கம் இல்லாமல் சொன்னார். 'சற்றே சோகமான இல்லத்தரசி' பாடலில் அந்தக் களைப்பு வீட்டுக்குள் போகிறது. 'பழைய இரும்பு நகரமே' பாடலில் நகரத்தையே விளித்து, சிமெண்டும் களைத்த மனிதர்களுமான அதை நேசிக்கிறவராகப் பேசுகிறார். வெறுத்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். வெறுப்புக்கு அங்கே நூறு காரணம் இருந்தது.

எல்லாப் பாடல்களும் ஒரே உயரத்தில் இல்லை. சிலவற்றில் வேடிக்கை மட்டுமே மிஞ்சுகிறது, அந்த ஆண்டின் கொச்சைச் சொல் பழசானதும் பாட்டும் பழசாகிவிடுகிறது. 'தொலைவான கணம்' போன்ற பாடல்களைக் கேட்ட பிறகு இந்தக் குறை இன்னும் தெளிவாகத் தெரியும். அதில் பகடி கிடையாது, நகரத்தின் முகவரிகள் கிடையாது. தனிமையில் காலத்தைத் தொட்டுப் பார்க்கும் ஒருவரின் குரல் மட்டும் மெதுவாக நகர்கிறது. சிரிக்கவைப்பவர் என்று மட்டும் அவரை நினைத்தவர்கள் அங்கே வேறொரு கவிஞரைச் சந்திப்பார்கள். கடைசி ஆண்டுகளில் ஃபௌஸ்தோ ஆரெயீனின் 'குவால்' குழுவோடு சேர்ந்து மின்கருவிகளோடும் பாடினார். மரக்கிட்டார் அவருக்குக் கொள்கை அல்ல, அப்போதைய நிலைமைக்கு ஏற்ற கருவி என்பதை அது காட்டுகிறது.

1985 செப்டம்பர் 19, வியாழக்கிழமை காலை 7.19 மணி. மிச்சோவாக்கான் கரைக்கு அப்பால் பசிபிக் பெருங்கடலில் 8.1 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. தலைநகரம் முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. ஆனால் நகரத்தின் நடுப்பகுதி பழைய ஏரியின் மெத்தென்ற களிமண்ணில் நிற்கிறது. அந்த மண் அதிர்வைப் பல மடங்காக்கி, ஏறத்தாழ இரண்டு நொடிக்கு ஒருமுறை முன்னும் பின்னும் ஆட்டியது. நடுத்தர உயரக் கட்டடங்கள் அந்த ஆட்டத்துக்கு ஒத்து ஆடி நொறுங்கின. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அரசின் எண்ணிக்கையை மக்கள் இன்றுவரை நம்பவில்லை. ஹுவாரெஸ் பகுதியில் புரூசெலாஸ் தெருவில் ராக்ட்ரிகோ குடியிருந்த கட்டடமும் இடிந்தது. அவரும் அவருடைய துணைவியும் இறந்தார்கள். அவருக்கு வயது 34.

அந்த நாட்களில் அரசு திகைத்து நின்றபோது தெருவில் இருந்தவர்களே வெறுங்கையால் இடிபாடுகளைத் தோண்டி உயிர்களை மீட்டார்கள். நகரத்தின் குடிமக்கள் தங்கள் பலத்தைத் தாங்களே உணர்ந்த தருணமாக அதை மெக்சிகோ நினைவுகூர்கிறது. அந்த மக்களைப் பற்றிப் பாடியவர் அந்த இடிபாட்டிலேயே போய்விட்டார் என்பதால் அவர் மீது ஒரு புனைவு படிந்துவிட்டது. நகரம் தன் பாடகனை விழுங்கிவிட்டது என்று எழுதாத கட்டுரை அரிது. எனக்கு அந்த வாக்கியம் பிடிக்கவில்லை. நகரம் யாரையும் விழுங்கவில்லை. களிமண் தரையில், கண்காணிப்பு குறைந்த கட்டுமானங்களில் மக்கள் குடியிருந்தார்கள், அவர்களில் அவரும் ஒருவர். சாவுக்குக் கவித்துவம் ஏற்றினால் அந்தக் கட்டடங்களுக்குப் பொறுப்பானவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள்.

புகழை மரணம் தந்தது என்ற பேச்சையும் நான் ஏற்கவில்லை. நிலநடுக்கத்துக்கு முன்பே அவருடைய நாடா கைமாறிக்கொண்டிருந்தது, சோப்போவின் கூட்டம் அவரை அறிந்திருந்தது, ஓர் இயக்கத்துக்கு அவர் சொற்களைக் கொடுத்திருந்தார். இறந்த பிறகு பெந்தாகிராமா என்ற சிறு நிறுவனம் 'ஊர்பானிஸ்தோரியாஸை' இசைத்தட்டாக்கியது. விட்டுச்சென்ற பதிவுகளிலிருந்து 'கள்ளியின் தீர்க்கதரிசி' உள்ளிட்ட தொகுப்புகளை வெளியிட்டது. நாவலாசிரியர் ஹோசே அகுஸ்தின், மெக்சிகோவின் மாற்றுப் பண்பாட்டைப் பற்றி 1996இல் எழுதிய நூலில் அவருக்கு இடம் கொடுத்தார். 1980களின் இறுதியில் இசை நிறுவனங்கள் திடீரென்று ஸ்பானிய ராக்கில் பணம் இருப்பதைக் கண்டுபிடித்தன. அந்த அலையில் குகைப் பாடகர்களுக்குப் பெரிய பங்கு கிடைக்கவில்லை. ஆனால் 1996இல் கஃபே தாக்குபா குழு 'சிலாங்கா பாண்டா'வைப் பாடியபோது நாடே அதைப் பாடியது. எழுதியவர் ராக்ட்ரிகோவின் தோழர் ஹாய்மே லோபெஸ். தலைநகரின் கொச்சைமொழியை மட்டுமே அடுக்கி ஒரு பாடல் செய்யலாம் என்ற நம்பிக்கை அந்த வட்டத்தில் பிறந்தது.

ராக்ட்ரிகோவின் மகள் அமாந்தித்தித்தா என்ற பெயரில் பாடகி ஆனார். கும்பியா மெட்டில் நகரத்து மனிதர்களைப் பகடி செய்யும் பாடல்கள் அவருடையவை. தந்தையின் பாணியை அவர் நகலெடுக்கவில்லை. தெருவில் காண்பவரைப் பாட்டுக்குள் கொண்டுவரும் கண் மட்டும் இருவருக்கும் பொது. 2011இல் பால்தேராஸ் நிலையத்துக்குள் ராக்ட்ரிகோவின் வெண்கலச் சிலை, கிட்டாரோடு, நிறுவப்பட்டது. போர்வீரர்களுக்கும் அதிபர்களுக்கும் சிலை வைக்கும் நகரத்தில், தெருவில் பாடி நாணயம் வாங்கிய ஒருவருக்கு, அவர் பாடிய இடத்தின் நெரிசலுக்கு நடுவிலேயே சிலை வைத்தது எனக்கு நிறைவளிக்கிறது.

மாணவர்களில் சிலர் இந்தப் பாடல்களைத் தேடிக் கேட்பீர்கள் என்று நம்புகிறேன். 'பால்தேராஸ்' பாடலிலிருந்து தொடங்க வேண்டாம், அதன் புகழ் மற்றவற்றை மறைத்துவிடும். 'தொலைவான கணம்' பாடலை முதலில் கேளுங்கள். மொழி புரியாவிட்டாலும் அந்தக் குரலின் இயல்பு பழகிவிடும். பிறகு 'கலப்பினக் காலம்', அதில் அடி முடியும் இடங்களில் சொற்கள் துள்ளுவதைக் காது கொடுத்துக் கவனியுங்கள். பிறகு வாஸ்தேக்காவின் ஹுவாபாங்கோ மூவர் குழு ஏதாவது ஒன்றைக் கேளுங்கள், சாவா ஃப்ளோரெஸின் மெட்ரோ பாட்டைக் கேளுங்கள். அதன் பிறகு பால்தேராஸுக்கு வாருங்கள், மரக்கிட்டார் வடிவத்தில்.